மஞ்சள் குடும்பத்துக்குச் சிவப்புச் சட்டை

போன வாரம் டெனிஸ் ஹவ்ரிலுக்கைப் பயிற்சியாளர் அறைக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டுப் போனோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறான். உள்ளே அனுப்பிவிடலாம்.

அதற்கு முன், போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. டெனிஸ், சாஸ்கடூன் மஞ்சள் அணியில் பந்து பிடிக்கிறவன். கனடாவில் கால்பந்து என்றால் கையால் எறிந்து, கையால் பிடித்து, பிடித்தவனை நாலு பேர் சேர்ந்து தரையில் தேய்க்கிற ஆட்டம். டெனிஸ் பத்து வருஷத்துக்கு மேலாகத் தேய்ந்துகொண்டிருக்கிறான். ஆள் எடுக்கும் நாளில் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் கூப்பிடப்பட்ட பெயர் அவனுடையது. முதல் இரண்டு வருஷம் பந்தைத் தொடவே விடவில்லை. உதைத்த பந்தின் பின்னால் ஓடிப் போய் யார் மேலாவது மோதுவதுதான் வேலை. பிறகு மைதானத்தின் நடுப்பகுதியில் பந்து பிடிக்கும் இடம் காலியானது. அங்கே அடி அதிகம் என்பதால் வேறு யாரும் கேட்கவில்லை. இவன் கேட்டான்.

விரல்களில் எது எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. கல்யாண மோதிரம் ஏறாததால் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறான். பனிக்காலத்தில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் லீவு போட்டால் அங்கே போய் விசில் ஊதுவான். கோடையில் மறுபடி மஞ்சள் சட்டை.

போன ஞாயிற்றுக்கிழமை, கடைசி நிமிடம். பிடித்தால் வெற்றி என்கிற எல்லைக் கோட்டுக்கு உள்ளே, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில், மார்பில் வந்து விழுந்த பந்தை நழுவ விட்டான். அணி தோற்றது. திங்கட்கிழமை முழுக்க யாரும் அவனோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பயிற்சியாளர் கூப்பிட்டார்.

"வாங்க டெனிஸ், உட்காருங்க" என்றார் அவர்.

'வாங்க' என்றதுமே டெனிஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன்னைவிட நாலு வயது சின்னவர். இத்தனை நாள் "ஓடுடா ஹவ்ரி" என்று தொண்டை கிழியக் கத்திய மனுஷன்.

"இது ரொம்பக் கஷ்டமான முடிவு."

"எனக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து வேணாம்னு சொல்லிடலாமே சார்."

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. கை குலுக்கினார். வெளியே உடுப்பு அறைக்காரர் ஒரு கறுப்புக் குப்பைப் பையோடு தயாராக நின்றார். காலணி, கையுறை, முட்டிக் கட்டு, பத்து வருஷத்து வியர்வை எல்லாம் அதற்குள் போயிற்று. "ரெண்டாத் தரட்டுமா? ஒத்தைப் பை கிழிஞ்சிடும்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வண்டி நிறுத்துமிடத்தில், பையைத் தோளில் போட்டு வந்தவனைப் பார்த்து ஒரு அம்மாள் காரிலிருந்து தலையை நீட்டினாள். "தம்பி, குப்பைத் தொட்டி அந்தப் பக்கம்."

"தெரியுங்க" என்றான் டெனிஸ்.

*

அதே நேரம், சாஸ்கடூனுக்கு வடகிழக்கே வோண்டா என்ற சின்ன ஊரில், கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் டெனிஸின் அப்பா மெட்ரோ ஹவ்ரிலுக் உட்கார்ந்திருந்தார். மெட்ரோ என்பது உக்ரைனிலிருந்து கப்பல் ஏறி வந்த பெயர். ரயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ரயிலாவது சில சமயம் நின்று அடுத்தவர் பேச்சைக் கேட்கும்.

கோதுமை அறுவடை மாதம். ஆனால் கதிரில் பனி ஈரம் காயும் வரை இயந்திரத்தை வயலில் இறக்க முடியாது. அதுவரை விவசாயிகளுக்குக் காபி, ரேடியோ, அடுத்தவன் வயலைப் பற்றிய கவலை.

மெட்ரோவின் தலையில் மஞ்சள் தொப்பி. அவர் வீட்டுக் கதவு மஞ்சள், தபால்பெட்டி மஞ்சள். தன்னைப் புதைக்கும்போது போட வேண்டிய மஞ்சள் கோட்டை இப்போதே உறை போட்டு அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறார். கிழக்கே, மானிடோபா மாகாணத்தில், சிவப்பு அணியின் ஊரான பிராண்டன் இருக்கிறது. அந்தப் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. 'அந்த ஊர்' என்பார். சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்.

ரேடியோ சாவகாசமாகச் சொன்னது. "மஞ்சள் அணி இன்று காலை தனது மூத்த ஆட்டக்காரர் டெனிஸ் ஹவ்ரிலுக்கை விடுவித்தது. அடுத்து, வானிலை."

மேஜையில் கரண்டிகள் நின்றன. பக்கத்து வயல்காரர் லெனர்ட் ஷிக் மெதுவாக ஆரம்பித்தார்.

"மெட்ரோ, இப்ப ரேடியோல சொன்னானே…"

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"இல்லப்பா, விடுவிச்சதுன்னா…"

"விடுவிச்சதுன்னா விரட்டிட்டான்னு அர்த்தம். எனக்கும் தெரியும்."

"சரி விடு. ஞாயித்துக்கிழமை அந்தப் பந்து மட்டும்…"

"பந்து பின்னாடி வந்துச்சு!"

"மார்லதானேப்பா வந்து விழுந்துச்சு?"

"மார்ல வந்துச்சுன்னா ரொம்ப வேகமா வந்துச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மெட்ரோவுக்குத் தாங்கவில்லை. இதே மேஜையில் இவர்கள் ஒருவரையொருவர் விட்டு வைத்ததே கிடையாது. லெனர்ட்டுக்குக் குடல் அறுவை நடந்து திரும்பி வந்த அன்றைக்குக் கூட, எடுத்ததில் பாதி மூளையா என்று கேட்டவர் மெட்ரோ. இப்போது அந்த லெனர்ட் தன் தட்டிலிருந்த கேக்கை அவர் பக்கம் தள்ளினார்.

"என்னடா இது, துக்க வீடா? கேலி பண்ணுங்கடா!" என்று மெட்ரோ கத்தினார்.

"இன்னிக்கு வேணாம்பா" என்றார் லெனர்ட், மெல்லிய குரலில். "நாளைக்குப் பண்றோம்."

மெட்ரோ எழுந்து, கதிர் காய்ந்ததா என்று கூடப் பார்க்காமல் வயலுக்குப் போய்விட்டார்.

*

டெனிஸ் நேராகத் தன் மனைவியைத் தேடிப் போனான். யோலாண்ட் மாட்டு டாக்டர். ஊருக்கு வெளியே கோர்டன் என்பவரின் தொழுவத்தில், தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் கையுறை போட்டு, ஒரு பசுவுக்குள் முழுக் கையையும் விட்டுச் சினை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேடியோல கேட்டேன்" என்றாள், திரும்பாமலே.

"எல்லாரும் கேட்டாச்சு போல. எனக்குத்தான் கடைசியாச் சொன்னாங்க."

"கொஞ்சம் இரு… ம், சினைதான். கோர்டன், இதை விடுங்க. நீ எப்படி இருக்கே?"

"நல்லாத்தான் இருக்…"

முடிக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு. மாடு மிரளும்."

சொன்னாளே தவிர, அவளே பக்கத்தில் வந்தாள். சாணிக் கையைத் தள்ளி நீட்டியபடி, நெற்றியை மட்டும் அவன் தோளில் வைத்து ஒரு நிமிடம் நின்றாள். கோர்டன் மரியாதையாக வானத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் டெனிஸின் போன் அடித்தது. தெரியாத குரல்.

"டெனிஸா? பிராண்டன்லேருந்து பேசறோம். எங்க பந்து பிடிக்கிற பசங்க ரெண்டு பேரும் அடிபட்டுப் படுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல பயிற்சிக்கு வர முடியுமா? சீக்கிரம் சொல்லணும்."

"சனிக்கிழமை யாரோட ஆட்டம்?"

"உங்க மஞ்சள் அணியோடதான். அதாவது, நேத்து வரைக்கும் அது உங்க அணி."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தான். விஷயத்தை அவன் சொன்னதும் யோலாண்ட் கையுறையைக் கழற்றினாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உட்கார். காலை நீட்டு." முட்டியை அழுத்தினாள். "வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"ஆ!"

"பொய் சொல்ற நோயாளி எனக்கு நீ ஒருத்தன்தான். மாடு பொய் சொல்லாது."

"எப்படி டாக்டர், தேறுமா?" என்று கோர்டன் எட்டிப் பார்த்தார்.

"மாடா இருந்தா இந்த வாரமே வித்துடச் சொல்லியிருப்பேன்."

அவள் கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் சமையலறையில் அவன் கொடுத்த வாக்கு வாசகர்களுக்கு நினைவிருக்கும்: அணி என்னை விட்டால் நானும் ஆட்டத்தை விட்டுவிடுவேன்.

"எனக்கு என்ன சொன்னே நீ?"

"ஞாபகம் இருக்கு" என்றான். போனை எடுத்தான். "வேணாம்னு சொல்லிடறேன்."

நிஜமாகவே எண்ணைத் தேட ஆரம்பித்தான். யோலாண்ட் அவனையே பார்த்தாள்.

"சொல்லிட்டு?"

"வீட்ல இருப்பேன்."

"இருந்து?"

"ஸ்கூல் வேலை பார்ப்பேன். சமைப்பேன்."

"ஞாயித்துக்கிழமையிலேருந்து நீ தூக்கத்துல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கே. தெரியுமா உனக்கு? நேத்து என் தலைகாணியைப் புடுங்கி மார்ல அணைச்சுக்கிட்டே. அதை மட்டும் நல்லாப் புடிச்சே."

கோர்டன் சிரிப்பை அடக்க ஒரு மாட்டின் முதுகைத் தட்டினார்.

"டெனிஸ், உன்னோட காலம் பூரா குடித்தனம் பண்ண நான் தயார். அந்தப் பந்தோட பண்ண முடியாது. போ. போய் ஒரு பந்தைப் புடிச்சுட்டு வா. இந்த சீசன் வரைக்கும்தான். அதுக்கப்புறம் இங்கிலாந்து ராணியே வந்து கெஞ்சினாலும் நீ வீட்ல."

"ராணி செத்துட்டாங்க."

"நான் இருக்கேன்."

அவன் சிரித்துவிட்டான். காலையிலிருந்து முதல் சிரிப்பு. பிராண்டனுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தவன் முகத்தில் சட்டென்று கலவரம்.

"அப்பாகிட்ட யார் சொல்றது?"

யோலாண்ட் புதுக் கையுறையை மாட்டினாள். "எனக்கு இன்னும் அத்தனை மாடு பாக்கி இருக்கு."

"எனக்கும்" என்றார் கோர்டன்.

"இன்னொண்ணு" என்று அவள் பின்னாலேயே கூப்பிட்டாள். "அவ்வளவு தூரம் காலை மடக்கிக்கிட்டு வண்டி ஓட்டினே, நாளைக்கு முட்டி பூசணிக்காய் ஆயிடும். பின் சீட்ல நீட்டிப் படுத்துக்கிட்டுத்தான் போகணும். ஓட்டறதுக்கு ஆள் பார்த்துக்கோ."

ஓட்டுவதற்கு இந்த உலகத்தில் அன்றைக்கு ஒரே ஆள்தான் இருந்தார்.

*

மெட்ரோ அறுவடை இயந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் இருந்தார். டெனிஸ் ஏணியில் நொண்டி ஏறிப் பக்கத்துச் சிறு இருக்கையில் உட்கார்ந்தான்.

"பேசாதே. இந்த வரிசை முடியட்டும்" என்றார் அப்பா.

வோண்டாவில் ஒரு வரிசை என்பது ஒரு மைல். இருவரும் ஒரு மைல் பேசாமல் போனார்கள். வரிசை முடிந்தது. மெட்ரோ இயந்திரத்தைத் திருப்பினார். "இதுவும் முடியட்டும்."

மூன்றாவது வரிசையின் பாதியில் அவரே ஆரம்பித்தார். "அந்தப் பயிற்சியாளன் பய, அவனுக்கு மீசையே ஒழுங்கா முளைக்கல. அவன் சொல்றான் உன்னைப் போகச் சொல்லி!"

"அப்பா, வேற இடத்துல கூப்பிட்டிருக்காங்க."

மெட்ரோவின் முதுகு நிமிர்ந்தது. "எங்க? எட்மண்டனா? நல்ல ஊரு."

"இல்ல."

"கால்கரியா? சரி, பரவாயில்ல. பொறுத்துக்கலாம்."

"கிழக்கப்பா."

"கிழக்கன்னா? டொரான்டோவா?" என்று நம்பிக்கையோடு கேட்டார். வோண்டாவில் இதுவரை யாரும் டொரான்டோவின் பெயரை நம்பிக்கையோடு உச்சரித்தது கிடையாது.

"அவ்வளவு தூரம் இல்ல."

இயந்திரம் நின்றது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"இறங்கு" என்றார்.

"அப்பா…"

"இறங்குடா என் வண்டியிலேருந்து!"

டெனிஸ் இறங்கினான். அவரும் இறங்கினார். இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்தார். சக்கரம் அவரைவிட உயரம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் கால் வலித்தது.

"நான் செத்தா எந்தக் கோட்டைடா போட்டுக்கிறது? பாதிரியார் கேட்டா என்ன சொல்லுவே? பாதி மஞ்சள், பாதி சிவப்புன்னு தைச்சுப் போடுவியா?"

"வேணாம்னா சொல்லிடுங்க. நான் போகல."

"அதெப்படி? நான் வேணாம்னு சொல்லி, நீ போகாம இருந்து, அதுக்கப்புறம் நான் இருக்கற வரைக்கும் எம் மூஞ்சியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவே." கையால் ஒரு கதிரைத் தட்டினார். பிறகு முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "இன்னும் ஓட முடியுமா உன்னால?"

"முடியும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறதை எல்லாம் பாதிரியார்கிட்டச் சொல்லு. முடியுமா, முடியாதா?"

"முடியும்ப்பா."

காற்றில் கோதுமைத் தூசி பறந்தது. மெட்ரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இன்னிக்கு லெனர்ட் எனக்குக் கேக் குடுத்தான்."

"கேக்கா?"

"பரிதாபப்பட்டுடா! அந்த லெனர்ட்! கேலி பண்ணுடான்னா, நாளைக்குப் பண்றேங்கிறான்." குரல் உடைந்தது, இருமி மறைத்தார். "அவன் கேக்கைத் தின்னறதைவிட நீ சிவப்புச் சட்டை போட்டுக்கறதே மேல். போடு. போட்டுக்கிட்டு இவனுங்க கண்ணு முன்னாடி ஓடு."

"ஓட்டிட்டுப் போக ஆள் இல்லப்பா. யோலாண்ட் காலை நீட்டிக்கிட்டுப் போகச் சொல்றா."

"கோதுமையை இப்படியே விட்டுட்டா?"

"லெனர்ட்டோட பையனைக் கேட்டா அறுத்துத் தர மாட்டானா?"

"அவன் மண்ணையும் சேர்த்து அறுப்பான்."

ஆனாலும் லெனர்ட்டுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் வெடித்த சிரிப்பு டெனிஸுக்கும் கேட்டது.

"அந்த ஊருக்கா! நீயா! மெட்ரோ, உனக்குச் சிவப்பு நல்லா எடுக்கும்டா. மூக்கு ஏற்கெனவே அந்தக் கட்சிதானே! போறப்ப உன் தபால்பெட்டியை என்கிட்ட விட்டுட்டுப் போ, நான் சிவப்புப் பெயிண்ட் அடிச்சு வைக்கிறேன்!"

"அடிச்சே, உன் கையை ஒடிச்சுடுவேன்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார் மெட்ரோ. அன்று முதல் முறையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

"வா போலாம்" என்றார். "ஒண்ணு சொல்லிடறேன். கொண்டு போய் விடறதோட சரி. நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன். அந்த ஊர்த் தண்ணி என் நாக்குல படக் கூடாது. சாப்பாடு, தண்ணி எல்லாம் இங்கேருந்து."

*

அப்படித்தான் அவர்கள் கிளம்பினார்கள். முன்னால் மெட்ரோ, பக்கத்து இருக்கையில் பூண்டு மணக்கும் சாசேஜ், ரொட்டி, ஒரு வாரத்துக்குப் போதுமான தண்ணீர். பின் சீட்டில் டெனிஸ், கன்றுக்குட்டிகளுக்கு வைக்கிற ஐஸ் பையை முட்டியில் கட்டி, காலைக் கதவு வரை நீட்டிப் படுத்திருந்தான்.

"அங்கே கடிகாரம் நம்மளைவிட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும்" என்றார் மெட்ரோ. "அவசரக்காரப் பசங்க. நேரத்தைக் கூடத் திருடறானுங்க."

"தூங்கட்டுமாப்பா?"

"தூங்கு. நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டு வர்றேன்."

டெனிஸ் தூங்கிப் போனான். இரண்டு பக்கமும் கோதுமை, கோதுமை, மறுபடி கோதுமை. வழியில் பார்த்த அறுவடை இயந்திரங்களை எல்லாம் மெட்ரோ குறை சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

சாயங்காலம் யார்க்டன் வந்தது. பாதி வழி. பெட்ரோல் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தபோது, கண்ணாடிக்குக் கீழே சார்ஜில் கிடந்த டெனிஸின் போன் நடுங்கியது. பையன் எழுந்துவிடப் போகிறான் என்று சட்டென்று எடுத்துக் காதில் வைத்தார்.

"டெனிஸ்! நல்ல வேளை, எடுத்தீங்க" என்றது குரல். மஞ்சள் அணியின் பயிற்சியாளர். "காலைல நான் அவசரப்பட்டுட்டேன். மத்தியானப் பயிற்சியில உங்க இடத்துல போட்ட பையனுக்குக் கணுக்கால் போயிடுச்சு. எங்கே இருக்கீங்க? திரும்பி வந்துடுங்க. உங்க சட்டை இன்னும் கொக்கியிலதான் தொங்குது. யாரும் தொடல."

மெட்ரோ போனைக் காதோடு இறுக்கிக்கொண்டார்.

மஞ்சள் அணி. அவர் கைக்குள், அவர் காதுக்குள், கெஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்படியே வண்டியைத் திருப்பலாம். அலமாரியில் தொங்கும் கோட்டு மஞ்சளாகவே இருக்கும். நாளைக் காலை காபி மேஜையில் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காரலாம்.

"டெனிஸ், கேக்குதா? நீங்க இல்லாம சனிக்கிழமை ரொம்பக் கஷ்டம்."

மெட்ரோ கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். பத்து வருஷம் ஓடிய கால் ஐஸ் பைக்குள் வீங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே, வண்டியிலிருந்து இறக்க மறந்துபோன கறுப்புக் குப்பைப் பை.

தொண்டையைச் செருமினார்.

"யாருங்க வேணும்?"

"டெனிஸ் ஹவ்ரிலுக். இது அவர் நம்பர்தானே?"

"இல்லீங்க" என்றார் மெட்ரோ, மிக மரியாதையாக. "தப்பான நம்பர்."

பேச்சைத் துண்டித்தார். சாலைக்கு வந்ததும் இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்தார். சாஸ்கடூன் போகும் பக்கம் ஒரு வண்டி கூட இல்லை. திரும்ப அருமையான நேரம். அவர் கிழக்கே திருப்பி வேகத்தைக் கூட்டினார்.

ஊர் எல்லை தாண்டும் முன் போன் மறுபடி அடித்தது.

"யாருப்பா அது?" என்றது பின்னாலிருந்து தூக்கக் குரல்.

"யாரோ ஒருத்தன். தெரியாதவன்."

"விடாம அடிக்கிறானே."

"வேலை இல்லாத பய."

சீட்டு கிறீச்சிட்டது. டெனிஸ் எழுந்து உட்கார்ந்து, முன்னால் கையை நீட்டினான்.

"இங்க குடுங்க, நான் பேசிக்கிறேன்."